அசெம்பிள் பண்ணினது யார்?

போன வாரம் எங்கள் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்தார். ரெயின்கோட்டைக் கழற்றி கேட்டில் தொங்கவிட்டார். உள்ளே வந்தார். சி.பி.யூ. பெட்டியைப் பார்த்தார். பார்த்தார் என்றால்... பார்த்தார், அவ்வளவுதான். தொடவில்லை. திறக்கவில்லை. ஆன் பண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

"இதை அசெம்பிள் பண்ணுனது யாரு சார்?" என்று என்னிடம் கேட்டார்.

பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரோடு நின்றுகொண்டிருந்த என் மனைவியைக் கை காட்டினேன்.

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். சின்னப் பிள்ளை வரைந்த யானையைப் பார்த்துப் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

"அதான் சார்" என்றார்.

எது சார் அதான்?

இதை நான் அவரிடம் கேட்கவில்லை. உங்களிடம் கேட்கிறேன். அந்த இடத்தில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கோபம் வந்தால் எனக்குக் காது மட்டும்தான் சூடாகும், வாய் திறக்காது. பிறவிக் கோளாறு. அதனால்தான் எழுதுகிறேன். இந்த வாரம் கொஞ்சம் காரமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். படிப்பு ஐந்தாம் வகுப்பு. வேலை, தென்காசியில் ஒரு பெயிண்ட் கடையில். நாலு பேர் நின்று பேசுகிற இடத்தில் ஐந்தாவது ஆளாகப் போய் நிற்கக் கூச்சம். நான் தாளில் எழுதுவதை டைப் அடித்துப் பத்திரிகைக்கு அனுப்புகிறவள் கோமதி, என் மனைவி. நடுநடுவே நான் விட்ட புள்ளியையும் அவள்தான் வைப்பாள்.

கோமதிக்கு அது மட்டும் வேலை இல்லை. ஒரு ஸ்டுடியோவுக்காக வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணுகிறாள், வீடியோ எடிட் பண்ணுகிறாள். முதலில் ஒரு பழைய மெஷினில் செய்தாள். அது மாப்பிள்ளை தாலியை எடுத்தால் கட்டி முடிக்கிற வரைக்கும் காட்டாமல், பாதியில் நின்று யோசிக்கும். கையில் தாலியோடு மாப்பிள்ளை உறைந்து நிற்பார். கெட்டி மேளம் மட்டும் தனியாகக் கேட்கும்.

அதனால் போன வருஷம் ஒரு முடிவு எடுத்தாள். நாமே ஒரு மெஷின் பூட்டுவோம்.

யூ டியூப் பார்த்தாள். ஒரு தடவை இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். பிராசஸர் ஒரு இடத்தில் வாங்கினாள், போர்டு ஒரு இடத்தில், கேபினெட் ஒரு இடத்தில். எல்லாவற்றையும் தரையில் பரப்பி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் டார்ச் அடித்தேன். என் பங்கு அவ்வளவுதான். சாயங்காலம் பட்டனை அமுக்கினாள். விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. எங்கள் கல்யாணத்தன்றுகூட அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை. (கல்யாணத்தன்று நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.)

அந்த மெஷின் அதற்குப் பிறகு ஒரு நாள்கூட நிற்கவில்லை. சித்திரை வெயிலில் நிற்கவில்லை. கல்லே உருகுகிற அந்த வெயிலில், ஒரே நாளில் இரண்டு கல்யாண வீடியோ போட்டுக் கொடுத்திருக்கிறது.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் வேறு யாருமே வைத்துக்கொள்ளவில்லை.

ஆனி பிறந்தது. சாரல் விழுந்தது. குற்றால அருவியில் தண்ணீர் என்று போனில் போட்டோ வந்தது. போட்டோ வந்த மறுநாள் சொந்தக்காரர்கள் வருவார்கள். தென்காசியில் வீடு வைத்திருக்கிற யாரையும் கேட்டுப் பாருங்கள். சீசன் என்பது ஊருக்கு வியாபாரம், எங்களுக்குச் சொந்தபந்தம்.

எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் அக்காவும் அத்தானும். அத்தான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். போலீஸில் இருந்து ரிடையர் ஆனவர். ஊர், திருவேங்கடம் பக்கம். கரிசல் காடு. மழை என்றால் வானத்தை அண்ணாந்து பார்க்கிற ஊர். அதனால் வருஷா வருஷம் சீசனுக்கு வந்து, ஒரு வருஷத்துக்கான குளியலைக் குளித்துவிட்டுத்தான் போவார்.

வரட்டும். அக்கா மாப்பிள்ளை. அவர் உட்காருகிற வரை நான் உட்கார்ந்ததில்லை. அவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் எங்கள் வீட்டில் கிடையாது. எங்கள் அப்பா சொல்லிக் கொடுத்த மரியாதை, இன்றைக்கு வரை மீறியதில்லை.

எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே அறை. அதில் ஒன்றில்தான் கம்ப்யூட்டர். அந்த அறையைத்தான் விருந்தாளிகளுக்குக் கொடுப்போம். காலையில் அவர்கள் அருவிக்குப் போனதும் கோமதி உட்கார்ந்து எடிட் பண்ணுவாள். மத்தியானம் அவர்கள் வந்து சாப்பிடுகிற நேரத்தில் ரெண்டர் போட்டுவிட்டு வருவாள். ரெண்டர் என்றால், வெட்டி ஒட்டிய துண்டுகளையெல்லாம் சேர்த்து ஒரே படமாக மெஷின் சமைக்கிற வேலை. மெஷின் மூச்சு முட்ட ஓடும், ஆனால் மனுஷர் பக்கத்தில் இருக்க வேண்டாம். அத்தான் சாப்பிட்டுவிட்டு அதே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தூக்கம் போடுவார். அக்காவும் கோமதியும் அடுப்படியில் பேசிக்கொண்டே பாத்திரம் கழுவுவார்கள்.

முதல் நாள் அப்படித்தான். கொஞ்ச நேரத்தில் அத்தான் கதவைத் திறந்து, தோளில் துண்டோடு வெளியே வந்து சொன்னார்.

"ஏ பிள்ள, உன் மெஷின் நின்னுட்டு."

கோமதி ஓடினாள். செத்துக் கிடந்தது. மறுபடி ஆன் பண்ணினால் வந்தது. வேலை பாதியில் போயிருந்தது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

கோமதி பதறுகிற ஆள் இல்லை. டெம்பரேச்சர் காட்டுகிற சாஃப்ட்வேர் ஒன்று போட்டாள். நின்ற பிறகு உடனே ஆன் பண்ணிப் பார்த்தால் பிராசஸர் கொதித்துக்கொண்டிருந்தது. எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். பிராசஸர் நூறு டிகிரியை நெருங்கினால், தான் கருகிப் போகாமல் இருக்கத் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளுமாம். எனக்கு அந்தப் பிராசஸர் மேல் மரியாதை வந்துவிட்டது. அத்தனை சூட்டில் இப்படி ஒரு நிதானம் நமக்கு வருமா?

சரி, சூடு ஏன் ஏறுகிறது?

இங்கேதான் ஊர் கூடியது. பால் ஊற்ற வந்தவர் சொன்னார், வோல்டேஜ். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், குற்றாலக் காற்று அடிக்கிற ஊரில், போர்வை போர்த்திக்கொண்டு டீ குடிக்கிற சீசனில் ஒரு மெஷின் சூடாகிறது என்றால், அது பிறவியிலேயே கோளாறு. அக்கா கண் திருஷ்டி என்றாள். எல்லாரும் கடைசியில் ஒரு இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். "வீட்டுலயே பூட்டுனதுல்லா..."

அத்தான் மட்டும் முறையாக விசாரித்தார். முப்பது வருஷ போலீஸ் பழக்கம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கோமதியை நிற்க வைத்துக் கேட்டார். கடைசியாகத் தொட்டது யார். எந்த ஸ்க்ரூவை எப்போது கழற்றினாய். பிராசஸர் மேல் பேஸ்ட் என்று ஏதோ பசை தடவினாயே, அப்போது கூட யார் இருந்தது. நான்தான் டார்ச் அடித்தேன் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். கூட்டாளி சிக்கிய பார்வை.

"தப்பு எப்பவும் வீட்டுக்குள்ள இருந்துதான் வரும், மாப்ளே. என் சர்வீஸ்ல நான் பாத்தது அது" என்றார்.

சத்தியமான வார்த்தை. அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

மறுநாள் காலை அவர்கள் அருவிக்குப் போனதும் கோமதி கேபினெட்டைத் திறந்தாள். என் கடையிலிருந்து புது பெயிண்ட் பிரஷ் கேட்டாள், வாங்கி வந்து கொடுத்தேன். ஃபேன் இறக்கைகளைத் துடைத்தாள். பெட்டியின் மேல்பக்கம் சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும், சூடு வெளியே போகிற வழி. அதில் நூல் நூலாக ஏதோ ஒட்டியிருந்தது. தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு. கோமதி மோந்து பார்த்தாள். அத்தானுக்காகத் தினமும் வடை சுடுகிறோமே, அந்த எண்ணெய்ப் புகைதான் வந்து படிகிறது என்று நினைத்தாள். அதாவது, அந்தப் பழியையும் தன் அடுப்பின் மேலேயே போட்டுக்கொண்டாள்.

பிறகு பிராசஸர் மேல் உட்கார்ந்திருக்கிற கூலரைக் கழற்றினாள். பழைய பேஸ்ட்டைத் துடைத்து, புது பேஸ்ட்டை ஒரு பட்டாணி அளவு வைத்து மறுபடி இறுக்கினாள். பெட்டியின் பக்கத்துக் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, முன்னால் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தாள். அவள் அறையில் வேலை பார்க்கிறாளே என்று அத்தான் அன்றைக்கு ஹாலில் படுத்துக்கொண்டார். மெஷின் நிற்கவில்லை. குளுகுளு என்று ஓடியது.

சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். மறுநாள் பெட்டியின் கதவை மூடி ரெண்டர் போட்டாள். அடுப்படிக்குப் போனாள்.

"ஏ பிள்ள, நின்னுட்டு."

இதற்குள் ஸ்டுடியோக்காரர் பொறுமை இழந்துவிட்டார். அவசரம் அவருக்கும் நியாயமானதுதான். கல்யாணம் அச்சன்புதூரில் நடந்தது. மாப்பிள்ளை பட்டாளத்துக்காரர். லீவு முடிந்து பார்டருக்குப் போகிறார். போவதற்குள் வீடியோ வேண்டும். பெண் இங்கே, பையன் அங்கே, அடுத்த லீவு வரைக்கும் அவர்களுக்கு இருக்கப்போவது அந்த வீடியோதான்.

ஸ்டுடியோக்காரர் போனில் கோமதியிடம் பேசவில்லை. என்னிடம் கொடுக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக்குள் தரவில்லை என்றால் ஹார்டு டிஸ்க்கைத் திருப்பி வாங்கித் திருநெல்வேலியில் கொடுத்துவிடுவேன், இனிமேல் வருகிற வேலையும் அங்கேதான் என்றார். கடைசியில் ஒரு அறிவுரையும் சொன்னார். வீட்டில் பெண்கள் பூட்டுகிற மெஷினை நம்பி இப்படித் தொழில் பண்ணக் கூடாது, கம்பெனி மெஷின் வாங்கிக் கொடுங்கள் அண்ணாச்சி என்றார்.

நான் என்ன சொன்னேன்? "சரிங்க" என்றேன். காது மட்டும் கொதித்தது.

அதற்குப் பிறகுதான் அந்த மெக்கானிக் வந்தது. "அதான் சார்" என்றது. பிராசஸர் போயிருக்கும், போர்டும் போயிருக்கும், இந்த மாதிரி கலப்படமாகச் சேர்த்ததை நாங்கள் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டு, ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு போனது. கோமதி ஒரு கேள்வி கேட்டாள். காலையில் ஓடுகிற மெஷின் மத்தியானம் மட்டும் ஏன் நிற்கிறது? நல்ல கேள்வி. அவர் அதற்கும் பதிலை என்னைப் பார்த்துத்தான் சொன்னார். என்னை! எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பெட்டியில் ஆன் பட்டன் எங்கே இருக்கிறது என்பதுதான். பிராசஸர் இடதா வலதா என்று கேட்டால் நான் முழிப்பேன். ஆனால் மீசை என்னிடம் இருக்கிறதே. பதில் மீசையைப் பார்த்துத்தான் வரும்போல.

அவர் போன பிறகு கோமதி மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கையில் அதே ஸ்க்ரூ டிரைவர்.

"ஏங்க... நான்தான் என்னமோ தப்பாப் பூட்டிருக்கேன்" என்றாள். "எல்லாரும் சொல்லுதாங்கள்லா. அத்தன பேரும் தப்பாவா சொல்லுவாங்க? ஹார்டு டிஸ்க்கக் குடுத்திருவோம். இதப் பிரிச்சுப் பெட்டியில வச்சிருதேன்."

உங்களுக்கு ஒன்று சொல்லவா? மெஷின் போனால் இன்னொரு மெஷின். வேலை போனால்கூட இன்னொரு வேலை. ஆனால் தன் கையால் ஒன்றைச் செய்து ஓடவைத்த ஒரு ஆள், நாலு பேர் பேச்சைக் கேட்டுத் தன் கையையே சந்தேகப்படுகிறாள் பாருங்கள், அதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது இருக்கிறதே... ஒரு நாள் பொறு என்று மட்டும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் நான் கடைக்குப் போகவில்லை. சாரல் காலத்தில் எவன் வீட்டுக்கு வெள்ளையடிப்பான்? பெயிண்ட் கடையில் ஈ ஓட்டுவதை வீட்டில் ஓட்டலாம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

வீட்டில் இருந்தால்தான் தெரிகிறது, சீசனில் எங்கள் வீட்டின் பெரிய பிரச்சினை கம்ப்யூட்டர் இல்லை. துணி. கொடியில் போட்டது போட்டபடி நாட்கணக்கில் தொங்குகிறது. என் வேட்டி ஈரம். அக்காவின் சேலை ஈரம். தலையணை உறை ஈரம். வீடு முழுக்க அந்த ஒரு முடை நாற்றம். கதவு ஜன்னல் எங்கே பார்த்தாலும் ஈரத் துணி. அக்கா பாவம், ஈரப் பாவாடையைத் தோசைக்கல் அடுப்புக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

மத்தியானம் கோமதி கடைசி முயற்சியாக ரெண்டர் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். அத்தான் அருவியிலிருந்து வந்து, சாப்பிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம். கதவு திறந்தது.

"மாப்ளே, அந்தப் பிள்ளைட்ட சொல்லு. நின்னுட்டு" என்றார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்து, அதை நாற்காலியில் போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

துண்டின் நுனி என் கையில் பட்டது.

காய்ந்த துண்டு. வெறுமனே காய்ந்தது இல்லை, இஸ்திரி போட்ட மாதிரி மொடமொடவென்று காய்ந்த துண்டு. அதுவும் வெதுவெதுப்பாக. அருவியில் எண்ணெய் தேய்த்துக் குளித்த வாசனை மட்டும் போகவில்லை.

வீட்டில் ஒரு கைக்குட்டை காயவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் சொட்டச் சொட்ட வந்த துண்டு, இது எப்படிக் காய்ந்தது?

நான் அத்தானிடம் கேள்வி கேட்கிற ஆள் இல்லை. ஆனால் கேட்டுவிட்டேன். துண்டு நல்லாக் காய்ந்திருக்கிறதே அத்தான் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவருக்கு ஒரே சந்தோஷம். கிட்டே குனிந்தார், இன்ஃபார்மர் மாதிரி.

"எங்க ஊருன்னா கொடியில போட்டுட்டுத் திரும்புறதுக்குள்ள காஞ்சிரும். இங்கன காயவே மாட்டேங்கு. நான் கண்டுபிடிச்சிட்டேன், மாப்ளே. அந்தப் பொட்டி இருக்குல்லா, அதுக்கு மேல நல்லா வெதுவெதுன்னு காத்து வருது. துண்ட நாலா மடிச்சு அதுமேல விரிச்சிருதேன். பின்னாலயும் காத்து வருது. அதுல சின்னத் துணி. பொம்பளைங்க நடமாடுத வீடு, ஜட்டிய வெளியில போட முடியுமா? அங்கன போட்டா யாரு கண்ணுலயும் படாது."

நான் அந்தத் துண்டைத் திரும்பத் தொட்டுப் பார்த்தேன்.

"மெஷின் நின்னுட்டுன்னா காத்தும் நின்னுரும். அதுக்கு மேல காயாது. அதான் உடனே எடுத்துட்டு வந்து சொல்லிருதேன்" என்றார்.

இப்போது புரிகிறதா உங்களுக்கு? சூடு வெளியே போகிற மேல்வழியில் நாலாக மடித்த ஈரத்துண்டு. பின்வழியில் ஜட்டியும் பனியனும். மூக்கையும் வாயையும் பொத்திவிட்டு ஓடு ஓடு என்றால் எது ஓடும்? மூச்சு முட்டி அது விழுகிறது. விழுந்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து முதலில் தகவல் சொல்கிறவரும் இவர். நாற்காலி போட்டு விசாரணை நடத்துகிறவரும் இவர்.

கோமதியைக் கூப்பிட்டேன். கையில் கரண்டியோடு வந்தாள். அறைக்குள் போய்ப் பெட்டிக்குப் பின்னால் கை காட்டினேன். அத்தான் துண்டை எடுத்தாரே தவிர, சின்னத் துணிகள் அங்கேயே தொங்கின. இன்னும் காயவில்லை போல.

கோமதி பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். மேல்சல்லடையில் கை வைத்தாள், கையை மோந்தாள். இந்த முறை வடை எண்ணெய் என்று அவள் சொல்லவில்லை. பிறகு மேஜையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அதன் நுனியால் அந்த ஜட்டியை மெல்லத் தூக்கினாள். தூக்கியபடியே ஹாலுக்கு நடந்தாள். அத்தான் முன்னால் நீட்டினாள்.

அக்கா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். நான் தரையைப் பார்த்தேன்.

எங்கள் வீட்டு மாப்பிள்ளை. அப்பா சொல்லிக் கொடுத்த மரியாதை. என்ன நடக்குமோ?

"அண்ணாச்சி" என்றாள் கோமதி. குரல் ஏறவே இல்லை. "இன்னைக்கு நீங்க தூங்க வேண்டாம். ரெண்டர் மறுபடி போடப் போறேன். முடியுத வரைக்கும் அந்தப் பொட்டிக்குப் பக்கத்துல சேர் போட்டு உக்காருங்க. ஒருத்தரும் அதுமேல துணி போடாமப் பாத்துக்கிடுங்க. முப்பது வருசம் காவல் காத்தவியல்லா."

அத்தான் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா, "போங்க. போயி உக்காருங்க" என்றாள். அவள் அப்படி அவரிடம் பேசி நான் கேட்டதே இல்லை.

அத்தான் போய் உட்கார்ந்தார். ஒன்று சொல்ல வேண்டும், உட்கார்ந்தவர் ஒழுங்காக உட்கார்ந்தார். முதுகு நிமிர்ந்து, கை இரண்டும் முழங்காலில். அக்கா ஏதோ எடுக்க அந்தப் பக்கம் போனபோது, அவள் கையிலிருந்த ஈரப் பாவாடையைப் பார்த்து, "ஏட்டி, அங்கனயே நில்லு" என்றாராம்.

மெஷின் நிற்கவில்லை. சூடு ஏறியது, ஓரிடத்தில் நின்றது, அப்படியே ஓடியது. சித்திரையில் எப்படி ஓடியதோ அப்படி. சாயங்காலம் படம் முழுசாக வந்துவிட்டது. தாலி எடுத்தார், கட்டினார், அட்சதை விழுந்தது. எதுவும் பாதியில் நிற்கவில்லை. பட்டாளத்து மாப்பிள்ளை போனில் ஏற்றிக்கொண்டு ரயிலேறினார் என்று கேள்வி.

கதை சுபம். பிறகு கோபம் எதற்கு?

எனக்கு அத்தான் மேல் கோபம் இல்லை, நம்புங்கள். மனுஷனுக்குத் துணி காயவில்லை, காய்கிற இடத்தில் போட்டார். சாரல் அடிக்கிற ஊரில் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்வார்கள். வெதுவெதுப்பாக ஒரு பெட்டி கிடைத்தால் நானே போட்டிருப்பேனோ என்னவோ.

என் கோபம் அந்த முதல் கேள்வி மேல். சித்திரை முழுக்க ஓடின மெஷின் ஆனியில் நிற்கிறது. நடுவில் என்ன மாறியது? இதை ஒருத்தர் கேட்டாரா? பால்காரர் கேட்டாரா, பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாரா, சர்ட்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு மாட்டிவைத்திருக்கிற மெக்கானிக் கேட்டாரா? அத்தனை பேரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான். செய்தது யார்? ஒரு பெண் என்று தெரிந்ததும் விசாரணை முடிந்துவிட்டது. திறந்து பார்க்க வேண்டியதே இல்லை. பின்னால் எட்டிப் பார்த்திருந்தால், ஒரே ஒரு தடவை குனிந்து எட்டிப் பார்த்திருந்தால், விஷயம் தொங்கிக்கொண்டிருந்திருக்கும்!

கடையில் வாங்கின மிக்ஸி புகைந்தால் மிக்ஸியைத் திட்டுகிறோம். கம்பெனியைத் திட்டுகிறோம். கரண்ட் ஆபீஸைத் திட்டுகிறோம். வாங்கி வந்த ஆம்பிளையைத் திட்டுகிறோமா? வீட்டில் ஒருத்தி செய்தது நின்றால் மட்டும் நேரே அவள் கைக்குப் போகிறோம். குழம்பு முதல் கம்ப்யூட்டர் வரைக்கும். அதைவிடக் கொடுமை, சொல்லிச் சொல்லி அவளையும் நம்ப வைத்துவிடுகிறோம். ஒரு பெண் தன் அடுப்புப் புகையையே சந்தேகப்பட்டாள் என்றேனே, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் காது கொதிக்கிறது.

வீடியோவை வாங்க ஸ்டுடியோக்காரர் நேரில் வந்தார். போட்டுப் பார்த்தார். திருப்தி. அடுத்த கல்யாணத்தின் ஹார்டு டிஸ்க்கையும் மேஜையில் வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "எந்தக் கடையில சரி பண்ணுனிய அண்ணாச்சி?" என்றார்.

இந்தத் தடவை வாய் திறந்தது. "அவகிட்டயே கேளுங்க" என்றேன். இரண்டே வார்த்தைதான், ஆனால் எனக்கு வேர்த்துவிட்டது. கோமதி காப்பி டம்ளரை வைத்தபடி, கடைக்கெல்லாம் போகவில்லை, ஏற்கெனவே சரியாகத்தான் பூட்டியிருந்தேன் என்றாள். அவருக்கு அது புரிந்த மாதிரி தெரியவில்லை.

அக்காவும் அத்தானும் ஊருக்குப் போய்விட்டார்கள். நேற்று அக்கா போன் பண்ணினாள். அத்தானைப் பற்றித் திருவேங்கடத்தில் ஒரே பேச்சாம். தென்காசியில் மெக்கானிக்கே கைவிட்ட ஒரு கம்ப்யூட்டரை, ஒரு மத்தியானம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து அவர்தான் ஓடவைத்தார் என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். இரண்டு பேர் தங்கள் வீட்டு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து காட்டவா என்று கேட்டிருக்கிறார்களாம்.

கேட்டதும் எனக்குத் திரும்பவும் காது சூடாகிவிட்டது. டைப் அடித்துக்கொண்டிருந்த கோமதிதான் நிறுத்தாமல் சொன்னாள்:

"பொய் இல்லியே. துண்ட எடுத்தது அவியதான?"